வலிக்கிறது கீழ்ப் பல், டாக்டர் கை வைப்பது மேல் பல்லில்: வலிக்கிற இடம் நமக்கே தெரியாதா?

வடக்குவீதி
08-11-2025, இரவு 9:50

அம்மாவுக்கு ஒரு வாரமா பல்வலி. வலது பக்கம், கீழ்க் கடைவாய்ப் பல். விரலை வெச்சு இதுதான்னு காட்டுறாங்க. இன்னிக்கு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனேன். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துட்டு, கீழ்ப் பல் நல்லா இருக்கு, மேல் பல்லுக்குத்தான் ரூட் கேனால் பண்ணணும்கிறார். வலிக்கிறவங்களுக்குத் தெரியாத இடம் இவருக்கு எப்படித் தெரியும்? பணம் பிடுங்குற வேலைன்னு எழுந்து வந்துட்டேன். சரிதானே?

பல்லாங்குழி
08-11-2025, இரவு 10:35

சரியில்லை தம்பி. அம்மாவை நாளைக்கே திரும்பக் கூட்டிக்கொண்டு போங்கள்.

அந்த டாக்டர் யாரென்று எனக்குத் தெரியாது, அவருக்கு வக்காலத்து வாங்கவும் வரவில்லை. நானும் பல் டாக்டர்தான். கீழ்ப் பல்லைக் காட்டுகிறவருக்கு மேல் பல்லில் சொத்தை இருப்பது எங்கள் தொழிலில் சர்வ சாதாரணம். அம்மா சொல்வது பொய்யில்லை. வலி அவருக்குக் கீழேதான். வலியைக் கிளப்புகிற பல் மேலே இருக்கலாம்.

ஒன்று மட்டும் கேட்டுச் சொல்லுங்கள். ஐஸ் தண்ணீர் பட்டால் வலி கிளம்பி, தண்ணீரை விழுங்கிய பிறகும் நிற்காமல் வலிக்கிறதா?

வடக்குவீதி
08-11-2025, இரவு 10:52

ஆமா. ரொம்ப நேரம் நிக்குதாம். காது வரைக்கும் இழுக்குதுங்கிறாங்க. ஆனா எனக்கு ஒண்ணு புரியல. கால்ல முள்ளு குத்துனா கால்லதானே வலிக்குது. பல்லுக்கு மட்டும் என்ன தனிச் சட்டம்?

பல்லாங்குழி
09-11-2025, காலை 6:15

காலில் முள் குத்தினால் காலிலேயே வலிக்கிறதே, விசேஷம் அங்கேதான் இருக்கிறது. பல்லில் அந்த விசேஷம் கொஞ்சம் சறுக்குகிறது, அவ்வளவே.

நரம்பில் ஓடுவது மின்துடிப்பு. கால் பெருவிரலில் கிளம்பியதும் கடைவாய்ப் பல்லில் கிளம்பியதும் ஒரே சாதி. நான் இன்ன இடத்திலிருந்து வருகிறேன் என்று அதில் எந்தச் சேதியும் கிடையாது. எந்த நரம்பிழையில் வந்தது, அந்த இழை மூளையில் எங்கே போய் முடிகிறது என்பதை வைத்துத்தான் இடம் தீர்மானமாகிறது. அதனால் வழியில் எங்கே தட்டினாலும் மூளை நுனியைத்தான் சொல்லும். முழங்கையை மேசை விளிம்பில் இடித்துக்கொண்டால் சுண்டுவிரலில் சுரீரென்று கரண்ட் அடிக்கிறது. சுண்டுவிரலை யாரும் தொடவில்லை. இடுப்பில் டிஸ்க் பிதுங்கி நரம்பை நெருக்கினால் ஆடுசதையும் பாதமும் இழுக்கின்றன. பிரெஞ்சுத் தத்துவவாதி ரெனே டெகார்ட் 1641-லேயே இதைக் கயிற்றை வைத்து எழுதிவிட்டார்: நடுவில் பிடித்து இழுத்தாலும் மறுமுனைக்குப் போய்ச் சேருவது அதே இழுப்புதான்.

கனடாவில், மான்ட்ரியலில், வைல்டர் பென்ஃபீல்டு என்ற அறுவை நிபுணர் தலைத்தோலை மட்டும் மரக்க வைத்து, நோயாளி பேசிக்கொண்டிருக்கும்போதே மூளையைத் திறந்து வேலை செய்தார். மூளைத் திசுவுக்குச் சொந்தமாக வலி உணர்வு கிடையாது என்பதால் இது முடியும். மூளையின் மேற்பரப்பில் மெல்லிய மின்சாரத்தை வைத்தால் நோயாளி கட்டைவிரல் குறுகுறுக்கிறது என்பார். கொஞ்சம் நகர்த்தி வைத்தால் உதடு என்பார். மின்முனை இருப்பது மண்டைக்குள், குறுகுறுப்பு தெரிவது விரலில். இப்படிப் பல நோயாளிகளிடம் சேர்த்த விவரத்தை 1937-ல் அவரும் போல்டிரேயும் ஒரு வரைபடமாக வெளியிட்டார்கள். அதில் கைக்குப் பக்கத்து வீடு முகம். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

இப்போதே உட்கார்ந்த இடத்தில் ஒன்று செய்து பார்க்கலாம். கண்ணில் ஆபரேஷன், கண் நீர் அழுத்தம் உள்ளவர்கள் வேண்டாம். கண்ணை மூடி, காதுப் பக்க ஓரத்தில் இமையின் மேல் விரலால் லேசாக அழுத்துங்கள். மங்கலாக ஒரு வளையம் தெரியும். விரல் இருக்கிற பக்கம் அல்ல, எதிர்ப்பக்கம், மூக்கோரம். அந்த ஓரத்து விழித்திரையில் எப்போதும் விழுவது மூக்குப் பக்கமிருந்து வரும் வெளிச்சம். எனவே அங்கே எது தட்டினாலும் மூக்குப் பக்கம் ஏதோ ஒளிர்கிறது என்றே மூளை முடிவு கட்டுகிறது. விரலால் அழுத்துவது நாம்தான் என்று நன்றாகத் தெரிந்தும் வளையம் இடம் மாறுவதில்லை.

இனி பல். பல்லுக்கு உள்ளே இருக்கும் பல்ப் என்ற மெல்லிய சதையில் வலி இழைகள் தாராளம். இடம் சொல்லும் இழைகள் இருப்பது பல்லுக்கு வெளியே, வேரைத் தாடை எலும்போடு கட்டி வைத்திருக்கும் நாரில். சோற்றில் கல் கடிபட்டால் எந்தப் பல் என்று அந்தக் கணமே தெரிகிறதே, அதைச் சொல்வது இந்த நார். சொத்தை பல்புக்குள் மட்டும் இருக்கும்வரை நோயாளி குத்துமதிப்பாகத்தான் காட்டுவார். வேர் நுனியைத் தாண்டி நாரையும் பிடித்த பிறகு, "இதேதான் டாக்டர், தட்டாதீங்க" என்று கையைப் பிடித்துக்கொள்வார். அந்த நிலையில் கண்டுபிடிக்க எம்.டி.எஸ். என்ற பல் மருத்துவ மேற்படிப்பு தேவையில்லை.

மேல் பல்லும் கீழ்ப் பல்லும் முகத்தின் உணர்வைச் சுமக்கும் ஒரே நரம்பின் (டிரைஜெமினல்) இரண்டு கிளைகளில் தொங்குகின்றன. அவை மூளைத்தண்டில் போய்ச் சேரும் இடத்தில் பல நரம்பணுக்கள் இரண்டு கிளையின் துடிப்பையும் வாங்கிக்கொள்கின்றன. வீட்டில் ஒரே காலிங் பெல், ஆனால் வாசலில் ஒரு சுவிட்ச், கொல்லையில் ஒரு சுவிட்ச் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெல் அடித்தால் நாம் போவது வாசலுக்கு. வழக்கமாக ஆள் வருவது அங்கேதான். காதும் இதே கணக்கில்தான் வலிக்கிறது. காதுவலி என்று ஈ.என்.டி. டாக்டரிடம் போய், காது சுத்தமாக இருக்கிறது, பல்லைக் காட்டுங்கள் என்று எழுதி வாங்கி வருகிறவர்கள் என்னிடம் நிறைய.

சுக்குக்காபி
09-11-2025, காலை 7:40

கொல்லைப் பக்கம் வர்றவன் திருடன்தானே டாக்டரம்மா.

பல்லாங்குழி
09-11-2025, காலை 7:44

சொத்தையும் அதே ரகம்தான். ராத்திரியில்தான் வேலையைக் காட்டும்.

தண்டவாளம்
09-11-2025, மதியம் 1:20

அப்போ இடது பல் கெட்டுப்போய் வலது பக்கம் வலிக்கவும் வாய்ப்பிருக்கா?

பல்லாங்குழி
09-11-2025, மதியம் 2:05

இல்லை. மேலும் கீழும் குழம்பும், முன்னும் பின்னும் குழம்பும், பக்கம் மாறாது. நடுவில் இருக்கும் முன்பற்களில் மட்டும் கொஞ்சம் முன்பின் ஆகலாம். வலதுபுறக் கடைவாயில் வலி என்று வருகிறவருக்கு நான் இடது பக்கத்தைத் தேடுவதில்லை.

வடக்குவீதி
10-11-2025, மாலை 6:30

போனோம். அதே டாக்டர்கிட்டதான். மேல் பல்லுக்கு மட்டும் மரத்துப்போற ஊசி போட்டார். கொஞ்ச நேரத்துல அம்மா கீழ்க் கன்னத்தைத் தடவிப் பார்த்துட்டு "வலி எங்கடா போச்சு"ன்னு என்னைக் கேட்டாங்க. கீழ்ப் பல்லைத் தொடவே இல்ல. ரூட் கேனால் ஆரம்பிச்சாச்சு.

பல்லாங்குழி
10-11-2025, இரவு 9:15

நல்லது. சந்தேகம் தீராதபோது நாங்கள் கடைசியாகக் கையில் எடுப்பது அந்த ஊசிதான். வலி தெரிகிற இடத்தில் போட்டால் கேட்காது, வலி பிறக்கிற இடத்தில் போட்டால் அடங்கும். அதற்கு முன்னால் குளிர்வைத்த பஞ்சை ஒவ்வொரு பல்லாகத் தொட்டுப் பார்ப்போம், வாய்க்குள் பார்க்கும் கண்ணாடியின் கைப்பிடியால் தட்டிப் பார்ப்போம். நோயாளி காட்டுகிற பல்லிலிருந்து ஆரம்பிக்கக் கூடாது என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். நல்லது என்று தோன்றுகிற பல்லில் தொடங்கினால்தான் அவருக்கு எது சாதாரணக் கூச்சம் என்று நமக்குப் பிடிபடும்.

வலிக்கிற பல்லைப் பிடுங்கியே தீரவேண்டும் என்று சண்டை போட்டு, வேறெங்கோ பிடுங்கிக்கொண்டு, அதே வலியோடு திரும்ப வந்தவர்களையும் பார்த்திருக்கிறேன். போன பல் போனதுதான்.

மூணாம்கியர்
11-11-2025, இரவு 11:02

டாக்டரம்மா, எனக்கு ரெண்டு பக்கத் தாடையும் வலிக்குது. மாடிப்படி ஏறுனா வரும், உட்கார்ந்தா போயிடும். வயசு 54. இதுல எந்தப் பல்லு?

பல்லாங்குழி
11-11-2025, இரவு 11:06

எந்தப் பல்லும் இல்லை. இதைப் படித்தவுடன் பக்கத்து ஆஸ்பத்திரி எமர்ஜென்சிக்குப் போய் ஈ.சி.ஜி. எடுங்கள். காலை வரைக்கும் காத்திருக்க வேண்டாம். வீட்டில் யாரையாவது கூட அழைத்துப் போங்கள், நீங்கள் வண்டி ஓட்டாதீர்கள். வியர்வை, மூச்சு வாங்கல், நெஞ்சில் இறுக்கம் சேர்ந்தால் 108-ஐக் கூப்பிடுங்கள்.

பல்லாங்குழி
12-11-2025, காலை 5:50

மூணாம்கியர் பதில் போடவில்லை. போயிருப்பார் என்று நம்புகிறேன். மற்றவர்களுக்காக எழுதி வைக்கிறேன்.

பல்லில் கோளாறு என்றால் குளிர், சூடு, கடிப்பது இவற்றில் ஒன்றுக்காவது பெரும்பாலும் வலி கூடும். படி ஏறினால் வந்து, உட்கார்ந்தால் போகிற தாடை வலி, அதுவும் இரண்டு பக்கமும், இதயத்திலிருந்து வருவதாக இருக்கலாம். இதயத்தின் வலி இழைகள் முதுகுத்தண்டின் மேல்பகுதியில் நுழைகின்றன. இடது கையின் உள்பக்கத் தோலிலிருந்து வரும் இழைகளும் அங்கேதான் நுழைகின்றன. பிறந்ததிலிருந்து அந்த வழியில் கையிலிருந்து ஆயிரம் சேதி வந்திருக்கும், இதயத்திலிருந்து ஒன்றும் வந்திருக்காது. எனவே கை வலிக்கிறது. தாடை வலிப்பதும் இந்த வகைதான். சிலருக்கு நெஞ்சு வலிக்காமலேயே இவை மட்டும் வலிக்கும். காஸ் டிரபிள் என்று ஓமவாட்டர் குடித்துவிட்டுப் படுப்பது நம் ஊர் வழக்கம்.

சுக்குக்காபி
12-11-2025, காலை 8:10

வயித்து வலி எல்லாம் தொப்புளைச் சுத்தியே வருதே, அதுவும் இந்தக் கதைதானா?

பல்லாங்குழி
12-11-2025, இரவு 9:40

அதே கதை, இன்னும் பழைய பதிப்பு. குடல்வால் வீங்கினால் முதலில் தொப்புளைச் சுற்றித்தான் வலிக்கும். தொப்புள் பக்கத்துத் தோலும் குடல்வாலும் முதுகுத்தண்டில் ஒரே மட்டத்தில் சேருகின்றன. வீக்கம் வளர்ந்து வயிற்றின் உள்சுவரைத் தொட்டதும், சுவருக்கு இடம் சொல்லத் தெரியும் என்பதால், வலி வலது அடிவயிற்றுக்கு இறங்கும். பல்லில் பல்ப் முதலில், நார் பிறகு என்று சொன்னேனே, அச்சு அசல் அதே வரிசை.

எனக்குப் பித்தப்பையை எடுத்தபோது நடந்ததைச் சொல்லவேண்டும். லேப்ராஸ்கோப்பி. வயிற்றில் சின்னச் சின்ன ஓட்டைகள்தான், அங்கே வலி பரவாயில்லை. வலது தோள்பட்டை மட்டும் யாரோ ஏறி மிதித்த மாதிரி. திரும்பிப் படுக்க முடியவில்லை. ஆபரேஷன் டேபிளில் கையை முறுக்கிவிட்டார்கள் என்று என் வீட்டுக்காரர் நர்ஸிடம் சண்டைக்குக் கிளம்பிவிட்டார். நானும் படித்தவள்தான், ஆனால் வலிக்கும்போது படிப்பு எங்கே ஞாபகம் வருகிறது. வயிற்றை உப்பவைக்க வாயுவை ஏற்றுவார்கள். அது உதரவிதானத்தைச் சீண்டும். உதரவிதானம் கருவில் கழுத்துப் பக்கம் உருவாகிப் பிறகு கீழே இறங்குகிற உறுப்பு. இறங்கும்போது தன் நரம்பைக் கழுத்திலிருந்தே இழுத்துக்கொண்டு வருகிறது: மூன்று, நான்கு, ஐந்தாம் கழுத்து நரம்புகள். தோள்பட்டைத் தோலும் அதே கணக்கில் வருவதால், நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் நடக்கிற வம்புக்குத் தோள்பட்டை அழுகிறது. அடிபட்டு மண்ணீரல் கிழிந்தவருக்கு இடது தோள்பட்டை வலிப்பதும் இதனால்தான். விபத்து வார்டில் இருப்பவர்கள் இதைத் தேடிக் கேட்பார்கள்.

சிறுநீரகக் கல் இடுப்பிலிருந்து தொடையிடுக்குக்கு வலியை அனுப்புவதும் இந்த வகை. பட்ட ஆண்களைக் கேளுங்கள், என்னைவிட நன்றாகச் சொல்வார்கள்.

தண்டவாளம்
12-11-2025, இரவு 10:01

பட்டவன். சொல்ல விருப்பமில்லை.

மூணாம்கியர்
13-11-2025, மதியம் 12:15

ஈ.சி.ஜி.ல கோளாறு காட்டுச்சு. அன்னிக்கு ராத்திரியே சேர்த்துட்டாங்க. நாளைக்கு ஆஞ்சியோ. பல்லுக்குப் போடலாம்னு வாங்கி வெச்ச கிராம்பு எண்ணெய் பையிலயே இருக்கு.

பல்லாங்குழி
13-11-2025, மதியம் 1:30

ஆஞ்சியோ முடிந்ததும் எழுதுங்கள். மற்றபடி போனை வைத்துவிட்டுத் தூங்குங்கள்.

பல்லாங்குழி
15-11-2025, இரவு 10:20

காலிங் பெல் உதாரணத்தை நானே கொஞ்சம் நோண்ட வேண்டியிருக்கிறது. அது உண்மைதான், போதாது. வாசலுக்குத்தான் போவோம் என்றால் எல்லோரும் ஒரே வாசலுக்குப் போகவேண்டும். அப்படி நடப்பதில்லை. ஒரே மாதிரி சொத்தையில் ஒருவர் காதைக் காட்டுகிறார், ஒருவர் நெற்றிப்பொட்டைக் காட்டுகிறார், ஒருவர் என்றோ அடைத்த பல்லைக் காட்டுகிறார்.

கடைசி ஆளைப் பற்றி 1947-ல் வந்த ஓர் ஆய்வு உண்டு. ஹட்சின்ஸ், ரேனால்ட்ஸ் என்ற இருவர் செய்தது. உயரத்தில் பறக்கும் விமானிகளுக்குப் பல்வலி வருவதை ஆராயப்போய், மூக்கின் உள்ளே சைனஸ் திறக்கும் இடத்தை ஊசி முனையால் தொட்டுப் பார்த்தார்கள். வலி பலருக்கு அதே பக்கத்தில் முன்பு சிகிச்சை செய்த பற்களில் தெரிந்தது. பல் நன்றாக இருந்தது. அடுத்த வருஷம் அவர்களே தொடர்ந்து பார்த்தபோது, மரத்துப்போகும் ஊசி இல்லாமல் சிகிச்சை செய்திருந்த பற்களில்தான் இப்படி; மரக்க வைத்துச் செய்த பற்களில் இல்லை. அதாவது ஒருமுறை அந்த வழியில் பலமாகச் சேதி வந்திருந்தால், அடுத்த முறை எவன் பெல் அடித்தாலும் அந்தப் பழைய ஆளின் பெயரே வாயில் வருகிறது.

ஊசி வேண்டாம், தாங்கிக்கொள்கிறேன் என்று வீரம் பேசும் நோயாளிகளிடம் இதைத்தான் சொல்கிறேன். அப்புறம் சளி பிடித்தாலே அந்தப் பல் வலிக்கலாம். சளிக் காலத்தில் குனிந்தால் மேல் கடைவாய்ப் பற்கள் வரிசையாக வலிக்கிறதென்றால் சைனஸையும் பாருங்கள்.

கோடைமழை
16-11-2025, காலை 9:05

இதெல்லாம் மனப்பிரமை என்று சொல்ல இவ்வளவு சுற்றவேண்டுமா? மனதை அடக்கினால் வலி இடம் மாறும்.

பல்லாங்குழி
16-11-2025, இரவு 9:30

கீழ்த்தாடைக்கு ஊசி போட்டுவிட்டு உட்கார வைத்தால் பாதிப் பேர் என்னிடம் கேட்பது கண்ணாடிதான். "உதடு இட்லி மாதிரி வீங்கிடுச்சு டாக்டர், இந்த மூஞ்சியோட எப்படி பஸ் ஏறுவேன்." கண்ணாடியைக் கொடுப்பேன். உதடு உதடாகவே இருக்கும். பார்ப்பார், தொட்டுப் பார்ப்பார், நம்புவார். கண்ணாடியைத் திருப்பிக் கொடுத்த கையோடு மறுபடி உதட்டைப் பொத்திக்கொள்வார். கண்டீவியா, ஃபீகன் என்ற இரு ஆய்வாளர்கள் 1999-ல் இதை முறையாகவே அளந்து காட்டினார்கள்: மரத்துப்போன உதடும் கட்டைவிரலும் உண்மையான அளவைவிடப் பெரிதாகத் தெரிகின்றன.

பிரமை என்ற ஒரே சொல்லில் அடைத்துவிட்டால் மிச்சம் எதையும் கேட்க முடியாமல் போகிறது. அறிவுக்குத் தெரிவது ஒன்று, உணர்வு காட்டுவது ஒன்று. முன்னது பின்னதை இழுத்துப் பிடித்து நகர்த்துவது அபூர்வம். வலியின் கடுமையைக் கவனமும் பயமும் கூட்டிக் குறைக்கும், அதை ஒப்புக்கொள்கிறேன். இடத்தை மாற்றுவது கண்ணும் தொடு உணர்வும் சேர்ந்து தரும் சாட்சி. 1998-ல் பாட்வினிக், கோஹன் செய்த ரப்பர் கைச் சோதனை: உங்கள் கையை மறைத்து, கண்ணுக்கு முன்னால் ஒரு ரப்பர் கையை வைத்து, இரண்டையும் ஒரே நேரத்தில் தூரிகையால் வருடினால் கொஞ்ச நேரத்தில் வருடல் ரப்பரில் தெரிய ஆரம்பிக்கும். இரண்டையும் முன்பின்னாக வருடினால் அந்த உணர்வு கலைந்துவிடும். தியானம் ஏதும் தேவைப்படவில்லை.

வடக்குவீதி
17-11-2025, இரவு 8:45

அப்போ கையே இல்லாதவங்களுக்குக் கை வலிக்குதுன்னு சொல்றாங்களே? எங்க பெரியப்பாவுக்கு மில்லுல கை போச்சு. இல்லாத விரல் மடங்கி உள்ளங்கையில குத்துதும்பார். நாங்க சின்ன வயசுல சிரிப்போம்.

பல்லாங்குழி
18-11-2025, இரவு 10:50

பெரியப்பா சொன்னது சுத்தமான உண்மை. அமெரிக்க உள்நாட்டுப் போரில் கை கால் இழந்தவர்களைப் பார்த்த வைர் மிட்செல் என்ற மருத்துவர் 1871-ல் இதற்கு ஆவி உறுப்பு என்று பொருள்படும் பெயரை வைத்தார். டெகார்ட் அதற்கும் முன்னால், 1644-ல், ஒரு பெண்ணைப் பற்றி எழுதியிருக்கிறார். கை அழுகிப்போய் எடுத்துவிட்டார்கள், கண்ணைக் கட்டியிருந்ததால் அவளுக்கு அது தெரியாது. இல்லாத கையின் விரல்களில், இந்த விரலில் வலி, அந்த விரலில் வலி என்று சொல்லிக்கொண்டிருந்தாளாம்.

இந்த விஷயத்தில் உலகம் முழுக்கத் தெரிந்த பெயர் நம் ஊர்க்காரர். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி. எஸ். ராமச்சந்திரன், கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாகத்தில் இருந்தவர். அவர் செய்த சோதனையின் அழகே அதன் எளிமைதான். கை இழந்த ஒருவரின் கண்ணைக் கட்டி, காது குடையும் பஞ்சுக் குச்சியால் கன்னத்தைத் தொட்டார். கன்னத்தில் தெரிகிறது, இல்லாத கட்டைவிரலிலும் தெரிகிறது என்றார் அவர். 1992-ல் இது வெளியானது. பென்ஃபீல்டு வரைபடத்தில் கைக்குப் பக்கத்து வீடு முகம் என்று ஞாபகம் வைக்கச் சொன்னேன் அல்லவா? கையிலிருந்து சேதி நின்றுபோனதும், முகத்தின் நரம்பு வழி காலியான கைப்பகுதிக்குள் குடியேறிவிட்டது என்பது அவர் விளக்கம். இதைப் பல வருஷம் நானும் ஜூனியர்களுக்குச் சொல்லி வந்தேன். கேட்கிறவர்கள் கண் விரியும்.

இப்போது அதில் பெரிய இடி விழுந்திருக்கிறது. டமார் மேக்கின் என்ற ஆய்வாளரின் குழு, கையை எடுக்கவேண்டிய நிலையில் இருந்த மூன்று பேரை ஆபரேஷனுக்கு முன்பே ஸ்கேன் செய்து, பிறகும் தொடர்ந்து பார்த்தது. இல்லாத விரல்களை அசைக்கச் சொன்னால் மூளையில் அந்தந்த விரலின் இடம் பழையபடியே விழித்துக்கொள்கிறது. உதடு வந்து குடியேறவில்லை. 2025 ஆகஸ்டில் இது வெளிவந்தது. முன்பு செய்தவர்கள் கை போன பிறகுதான் ஆட்களைப் பார்த்தார்கள். ஒரே ஆளை முன்னும் பின்னும் பார்த்ததுதான் இதன் பலம்.

பஞ்சுக் குச்சியைப் பற்றி அந்த மனிதர் சொன்னதை இது பொய்யாக்கவில்லை. அவர் உணர்ந்தது உணர்ந்ததுதான். காலி வீடு, குடியேற்றம் என்ற விளக்கம்தான் ஆட்டம் காண்கிறது. எனக்கு இப்போது படுவது இது: வீடு காலியாகவே இல்லை. பெரியப்பாவின் விரல் மில்லில் போயிருக்கலாம், அந்த விரலுக்கான இடம் மூளையில் பத்திரமாக இருந்திருக்கிறது. அது தட்டப்படும் ஒவ்வொரு முறையும் விரல் வலித்திருக்கிறது. மடங்கிய விரலை விரிக்க ராமச்சந்திரன் ஒரு கண்ணாடிப் பெட்டி செய்தார். இருக்கிற கையின் பிம்பம் இல்லாத கையின் இடத்தில் விழும். இருக்கிற கையை விரித்தால் இரண்டும் விரிவதாகக் கண்ணுக்குத் தெரியும், சிலருக்கு வலி இளகும். எல்லோருக்கும் பலிப்பதில்லை. முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்று போதும் என்பதால் முயன்று பார்ப்பதில் நஷ்டமில்லை.

பல்லுக்கும் இது உண்டு. பிடுங்கிய பல் வலிக்கிறது என்று வருகிறவர்கள் இருக்கிறார்கள். குழி ஆறிப்போய், எக்ஸ்ரே சுத்தமாக இருக்கும். நல்ல டாக்டராக இருந்தால் பக்கத்துப் பல்லைப் பிடுங்க மாட்டார்.

சுக்குக்காபி
19-11-2025, காலை 7:15

கனமா போகுதே. ஜிகர்தண்டாவை வேகமா குடிச்சா நெத்தி ஏன் விண்ணுனு தெறிக்குது, அதைச் சொல்லுங்க.

பல்லாங்குழி
19-11-2025, மதியம் 2:20

மேலண்ணம் சில்லிடுகிறது, அதே முக நரம்பின் வழியாக நெற்றி வலிக்கிறது. நாக்கால் அண்ணத்தை அழுத்திச் சூடேற்றுங்கள், அடங்கும்.

உங்கள் பெயருக்கு ஏற்ற ஒன்றும் சொல்கிறேன். மூக்கை இறுகப் பிடித்துக்கொண்டு காப்பியை உறிஞ்சுங்கள். கசப்பு, இனிப்பு, சூடு மட்டும் இருக்கும். மூக்கை விடுங்கள், காப்பி வந்துவிடும். எங்கே வரும்? நாக்கில். வாசனை தொண்டையின் பின்பக்கமாக மூக்குக்கு ஏறித்தான் தெரிகிறது, ஆனால் வாயில் பானம் தொடுகிறது, வாய் அசைகிறது, எனவே வரவு முழுதும் வாய்க் கணக்கில். சளி பிடித்தால் நாக்கு செத்துப்போச்சு என்கிறோம். நாக்கு பாவம், நன்றாகத்தான் இருக்கிறது.

கோடைமழை
19-11-2025, இரவு 9:00

காப்பிச் சோதனை செய்தேன். சரி, மனப்பிரமை என்ற சொல்லைத் திரும்பப் பெறுகிறேன். ஒரு கேள்வி. உடம்போடு உணர்வு நின்றுவிடுகிறதா? பார்வையில்லாதவர் கைத்தடியால் தரையைத் தொடும்போது அவருக்கு எங்கே தெரியும்?

பல்லாங்குழி
20-11-2025, இரவு 10:10

தடியின் நுனியில். என் கையில் இருப்பது புரோப், கொக்கி மாதிரி வளைந்த மெல்லிய எஃகு ஊசி. பிடித்திருப்பது விரல்கள், நடுவில் கையுறை, ஆனால் சொத்தை மெதுமெதுவென்று இருப்பது எனக்கு ஊசி முனையில் தெரிகிறது. நல்ல எனாமலில் முனை வழுக்கும். சொத்தையில் லேசாக மாட்டி, இழுத்தால் தயங்கி விடும். அந்தத் தயக்கம் என் விரலில் நடப்பதாக ஒருபோதும் தோன்றியதில்லை, அங்கே பல்லின் குழியில்தான் நடக்கிறது. புதிதாக வரும் மாணவர்களுக்கு இது வராது. அவர்கள் புரோபை இறுக்கிப் பிடிப்பார்கள், அப்போது விரலில் பிடியின் அழுத்தம் மட்டும்தான் தெரியும். தளர்த்திப் பிடி என்று சொல்லிச் சொல்லியே தொண்டை வற்றும்.

பிரான்சில் லியோன் நகரத்துக் குழு ஒன்று 2018-ல் இதை அளந்தது. ஆட்கள் பார்க்க முடியாதபடி மறைத்து, கையில் ஒரு நீளக் கம்பைக் கொடுத்து, கம்பில் எங்கே தட்டுப்பட்டது என்று கேட்டார்கள். நுனி, நடு, அடி என்று வியக்கும் அளவுக்குச் சரியாகச் சொன்னார்கள். தட்டும் இடத்தைப் பொறுத்து கம்பின் அதிர்வு மாறுகிறது. உள்ளங்கை அந்த அதிர்வை வாங்க, மூளை அதிலிருந்து இடத்தைக் கணக்கிட்டுக் கம்பின் மேலேயே வைக்கிறது.

தண்டவாளம்
20-11-2025, இரவு 10:40

ரயில்வேல கீமேனா இருந்தேன். தண்டவாளத்தைக் கட்டையோட இறுக்கிப் பிடிக்கிற இரும்புத் துண்டுதான் கீ. சுத்தியலால அதைத் தட்டிக்கிட்டே போவோம். லூசா இருந்தா பார்க்காமலே தெரியும். சத்தத்துலயா, கையிலயான்னு இத்தனை வருஷம் யோசிச்சதே இல்ல.

பல்லாங்குழி
20-11-2025, இரவு 10:58

இரண்டிலும்தான் இருக்கும். எங்களுக்கும் அதே வேலை. எலும்போடு இறுகி ஒட்டிப்போன பல்லைக் கண்ணாடிக் கைப்பிடியால் தட்டினால் சாதாரணப் பல் மாதிரி மொத்தென்று இராது, உலோகம் மாதிரி கணீரென்று கேட்கும். கைக்கும் வித்தியாசம் தெரியும், நடுவில் நார் இல்லாததால் தட்டு அப்படியே திரும்பி வரும்.

ஒன்று கேட்கிறேன். அந்த லூசான கீ உங்களுக்கு எங்கே தெரியும்? உள்ளங்கையிலா, சுத்தியல் தலையிலா?

தண்டவாளம்
20-11-2025, இரவு 11:03

ரெண்டுலயும் இல்ல. கீழ, கீயில.